சிவப்பும் போகும், பச்சையும் போகும்

ஏழாவது கேள்வியில் லாரி சார் மாட்டிக்கொண்டார்.

'நாளை முதல் நீங்கள் வேலைக்கு வராவிட்டால் உங்கள் மென்பொருள் என்ன ஆகும்?' என்று கேட்டிருந்தது படிவம். பதில் எழுத இரண்டே வரி இடம். பத்தொன்பது வருட வேலையை இரண்டு வரியில் அடக்கச் சொல்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று உண்டா என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. நகரத்துக்கு வெளியே இருந்த கம்பெனிக் கிடங்கில் எந்த லாரி எத்தனை மணிக்கு நுழைந்தது, எதை ஏற்றியது, எப்போது கிளம்பியது என்று பதிவு செய்கிற மென்பொருளை எழுதியவர் அவர். அதைப் பராமரிப்பவரும் அவர் ஒருவரே. ஆகவே லாரி சார். மற்றபடி லாரியைக் கண்டால் பத்தடி முன்னாலேயே ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஆள்.

அந்தக் கம்பெனி தண்ணீர்க் குழாய் செய்கிற பெரிய கம்பெனி. அதில் நூற்றுப் பன்னிரண்டு மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருந்தன. "நம்ம வேலை குழாய். சாஃப்ட்வேரைப் பார்த்துக்கறது நம்ம வேலை இல்ல. எல்லாத்தையும் வெளியில கொடுங்க" என்று மேலாண்மை இயக்குநர் ஒரு நாள் சொல்லிவிட்டார். கொடுப்பதற்கும் ஒரு வியூகம் வேண்டுமாமே! அதை வகுக்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நிறம். வெளியே போகிற மென்பொருளோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் வெளியே போக வேண்டியதுதான். என்ன வித்தியாசம் என்றால், மென்பொருளை எடுத்துக்கொள்ள வெளியே ஆள் இருந்தார்கள். லாரி சாரை எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்குத் தெரிந்த கணினி மொழியை உருவாக்கிய நிறுவனமே இழுத்து மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

யோசித்து யோசித்து எழுதினார்: 'எல்லாம் நின்றுவிடும். ஒரு லாரிகூட நகராது.'

இரண்டாம் நாள் ஆலோசகர் கூப்பிட்டனுப்பினார். முப்பது வயதுப் பெண். ரொம்ப மரியாதை. அந்த மரியாதையைப் பார்த்தாலே கட்டடத்தில் எல்லோரும் பாதை மாறி நடந்தார்கள்.

"ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க சார்."

"பழக்கம் மேடம்."

"சிவப்பு போட்டிருக்கேன்."

"அது நல்லதா மேடம்?"

"ஒரே ஒரு ஆளை நம்பி ஒரு சாஃப்ட்வேர் இருக்குன்னா அது கம்பெனிக்கு ஆபத்து சார். ஆபத்தானதைத்தான் முதல்ல வெளிய அனுப்பணும்."

 தன் வாயாலேயே கெட்டேனே என்று லாரி சார் மேசைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பார்க்கிறவர் இருந்தார். அவரைச் சம்பளக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுகிற மனிதர்.

"உங்களை யாரு அவ்வளவு பெருமையடிச்சுக்கச் சொன்னது? அடக்கமா எழுதியிருக்கணும். வேற ஃபார்ம் வாங்கி மாத்திக் கொடுங்க" என்றார் சம்பளக்காரர்.

லாரி சார் வேறு படிவம் வாங்கினார். 'ஒன்றும் ஆகாது. மிகவும் எளிய மென்பொருள். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதினார். எழுதும்போது கை கூசியது. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் மக்கு என்று சொல்வது போல இருந்தது. ஆனால் பிழைக்க வேண்டுமே.

"பச்சை சார்" என்றார் ஆலோசகர்.

"அப்பாடா! பச்சைன்னா இங்கேயே இருக்கும்தானே?"

"இல்ல சார். சுலபமா இருக்கிறதை வெளிய கொடுக்கிறதும் சுலபம். அதனால முதல் கட்டத்திலேயே போயிடும்."

"மேடம், சிவப்பும் முதல்ல போகும்னீங்க."

"ஆமா சார்."

"பச்சையும் முதல்ல போகுமா?"

"ஆமா சார்."

"அப்ப எதுதான் மேடம் போகாது?"

"மஞ்சள்."

திரும்பி வந்து சம்பளக்காரரிடம் புலம்பினார். சம்பளக்காரர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, "எனக்கு மஞ்சள்தான் வந்துச்சு" என்றார்.

"எப்படிய்யா?"

"நான் ஃபார்மை வெறுமையா கொடுத்துட்டேன். 'விவரம் போதாது, மேலும் ஆராய வேண்டும்'னு மஞ்சள் போட்டுட்டாங்க."

"அதை என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன!"

"நீங்க கேக்கலையே!"

இரண்டு படிவம் எழுதிக் கொடுத்துவிட்ட மனிதன் மூன்றாவதாக வெறும் படிவத்தை நீட்டினால் பைத்தியம் என்று நினைப்பார்களே தவிர மஞ்சள் என்று நினைக்க மாட்டார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். அவள் வீட்டு முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். வாடிக்கைக்காரர்கள் அதிகம்.

"வேலை போயிடுச்சுன்னா வீட்லயேவா இருப்பீங்க?"

"வேற எங்க போவேன்?"

அவள் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது. போன வருடம் பத்து நாள் விடுமுறையில் இருந்தபோது அவளுடைய நூல்கண்டுகளை எல்லாம் எண் போட்டு அடுக்கி வைத்தார் மனிதர். நீல நூலைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"எப்படியாவது அந்த மஞ்சளை வாங்கிடுங்க. யார் கால்ல விழுந்தாலும் பரவாயில்ல" என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஆலோசகரின் அறைவாசலில் போய் நின்றார். நல்ல வேளையாகக் காலில் விழ வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"எண்ணிக்கை இருந்தா மாத்தலாம் சார். ஒரு நாளைக்கு எத்தனை லாரி பதிவாகுது?"

"அது எனக்குத் தெரியாது மேடம். புரோகிராம் எழுதறவன் உள்ள இருக்கிற விவரத்தைப் பார்க்கக்கூடாதுன்னு ஆடிட் ரூல். பத்தொன்பது வருஷமா நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்ல."

"அப்ப யார் பார்ப்பாங்க?"

"அது ரூல்ல இல்ல மேடம்."

ஆலோசகர் எதையோ குறித்துக்கொண்டார். "சரி, கம்ப்ளைன்ட் எத்தனை வரும்? அதுதான் ஒரு சாஃப்ட்வேர் உயிரோட இருக்கிறதுக்கு அடையாளம்."

லாரி சாருக்கு முகம் மலர்ந்தது. இது அவருடைய களம். "வாராவாரம் வரும் மேடம். திங்கட்கிழமை பத்து மணிக்கு. கிடங்கு ஆளுங்க லேசுப்பட்டவங்க இல்ல. ஒரு வாரம் எழுத்து சின்னதா இருக்கும்பாங்க. பெரிசாக்கிக் கொடுப்பேன். அடுத்த வாரம் எழுத்து ரொம்பப் பெரிசா இருக்கும்பாங்க. திருப்திப்படுத்தவே முடியாது. ஆனா நான் விட்டதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சு அனுப்பிடுவேன்."

"வாரம் ஒண்ணு. மாசம் நாலுதான் சார். மஞ்சளுக்குக் குறைஞ்சது பத்து வேணும். பத்துலேருந்து இருபதுக்குள்ள."

"வந்துடும் மேடம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கிடங்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஒரு பெண் எழுத்தர். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அக்கா. லாரி சார் அவரை நேரில் பார்த்து ஏழெட்டு வருடம் இருக்கும். பேச்சு எல்லாம் தொலைபேசியில்தான்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. கொஞ்சம் கூடுதலா கம்ப்ளைன்ட் அனுப்ப முடியுமா?"

ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா. "எத்தனை வேணும் சார்?" என்றார்.

"ஒரு பத்து, பன்னெண்டு..."

"அவ்வளவுதானே? இன்னிக்கே அனுப்பிடறோம்."

எவ்வளவு நல்ல மனுஷி என்று நெகிழ்ந்துபோனார். மூன்று மணியிலிருந்து ஃபேக்ஸில் புகார்கள் வர ஆரம்பித்தன. நாலு மணிக்குப் பத்து ஆயிற்று. நாலரைக்குப் பதினெட்டு. லாரி சார் எழுந்து நின்றார். கிடங்கில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொன்றாக எழுதியிருக்க வேண்டும். 'லாரி எண் போட்டால் ஓட்டுநர் பெயர் தூங்குகிறது.' 'திரை சோகமாக இருக்கிறது, வேறு நிறம் தரவும்.' 'சேமி என்ற பொத்தானை அமுக்கினால் பயமாக இருக்கிறது.' ஐந்து மணிக்கு முப்பத்தொன்று. அக்காவைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. எல்லோரும் மும்முரமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

மறுநாள் ஆலோசகர் அந்தக் காகிதக்கட்டை மேசைமேல் வைத்தார்.

"ஒரே நாள்ல முப்பத்தொண்ணு சார். சாஃப்ட்வேர் இடிஞ்சு விழற நிலைமையில இருக்கு. மறுபடியும் சிவப்பு."

"மேடம், அது வந்து..."

"திரையைப் பார்த்துப் பயப்படறாங்களாம் சார், பாவம்."

வெளியே வந்த லாரி சார் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார். அவர் கம்பெனிக் குழாய்தான். கழுவக் கழுவக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அலுவலகத்தில் அழுதது இதுதான் முதல் தடவை.

"அக்கா, போதும்! இனிமே ஒண்ணுகூட அனுப்பாதீங்க" என்று தொலைபேசியில் கெஞ்சினார்.

"சரி சார். நிறுத்திடச் சொல்லிடறேன்."

சொன்னால் சொன்னதுதான். அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் ஒரு புகாரும் வரவில்லை. லாரி சாருக்கு நிம்மதி வந்த மாதிரி இருந்தது, ஆலோசகர் மறுபடி கூப்பிடும் வரை.

"பதினஞ்சு நாளா ஒரு கம்ப்ளைன்ட் இல்ல சார். யாருமே பயன்படுத்தலைன்னு அர்த்தம். இதை வெளிய கொடுக்கக்கூடத் தேவையில்ல. மூடிடலாம்."

"மூடறதா!"

"அதுக்குக் கறுப்புன்னு ஒரு நிறம் இருக்கு சார். இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல."

வெளியே போவதாவது பரவாயில்லை, வேறெங்காவது உயிரோடு இருக்கும். மூடுவது என்றால்? லாரி சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், அது இல்லாம ஒரு லாரி நகராது மேடம். சத்தியமா சொல்றேன்."

"திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டைரக்டர் முன்னாடி கடைசி மீட்டிங் சார். நீங்களே வந்து சொல்லுங்க."

அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டு, பழையபடி வாரம் ஒரு புகார் போதும் என்று சொன்னார்.

"சரி சார். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒண்ணு. நான் அன்னிக்கு லீவு. அதனால என்ன, பசங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லாரி சார் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. மனைவி தைத்துக்கொண்டே நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பண்ற தப்பு என்ன தெரியுமா? ஒரு நாள்கூட வேலையை நிறுத்தினதில்ல. நிறுத்தினாத்தானே அருமை தெரியும்? கரண்ட் போனாத்தான் ஃபேன் இருந்ததே ஞாபகம் வருது" என்றாள்.

அவள் எதையோ ஆறுதலுக்குச் சொன்னாள். லாரி சார் அதைப் பிடித்துக்கொண்டார். தப்புதான், பெரிய தப்பு, தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆனால் எப்படியும் கிழிக்கத்தானே போகிறார்கள்?

திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்குத் தன் மேசையிலிருந்தே மென்பொருளை நிறுத்தினார். 'நிறுத்தப்பட்டது' என்று திரையில் வந்தது. கணக்கு இதுதான்: ஒன்பதரைக்குக் கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டும். பத்து மணிக்கு ஓட்டுநர்கள் ஹார்ன் அடிப்பார்கள். பத்தரைக்குச் சரக்குப் போய்ச் சேராத கடைக்காரர்கள் நேராக டைரக்டருக்கே போன் போட்டுக் கத்துவார்கள். பதினோரு மணிக் கூட்டத்தில் எல்லோரும் விழி பிதுங்கி உட்கார்ந்திருக்கும்போது அவர் எழுந்து, "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி ஐந்தே நிமிடத்தில் ஓடவிடுவார். அப்புறம் எவன் கறுப்புப் போடுகிறான் என்று பார்க்கலாம்.

ஒன்பதரை ஆயிற்று. தொலைபேசி அடிக்கவில்லை.

பத்து ஆயிற்று. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமைப் புகாரும் வரவில்லை. திரையே உறைந்து கிடக்கும்போது புகார் எழுத யாருக்குத் தோன்றும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

பத்தரைக்குச் சம்பளக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ஒரு மாதிரி வேர்க்குது?" என்றார்.

"நீர் பேசாம இரும்!"

பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் டைரக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சம்பளக்காரர் முதல் மென்பொருள் பார்க்கிற மற்ற எல்லோரும். அவர் முகத்தில் எந்தக் கடைக்காரரும் கத்தின அடையாளம் இல்லை. சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து லாரி மென்பொருளில் நிறுத்தினார்.

"இது ஒண்ணுதான் சார் கறுப்பு. மூடிடலாம்னு நினைக்கறேன்."

"மூடுங்க. அடுத்தது?" என்றார் டைரக்டர்.

இரண்டே வார்த்தை. லாரி சாருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. தான் எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"சார், ஒரு நிமிஷம்! அந்த சாஃப்ட்வேர் ரெண்டு மணி நேரமா ஓடல சார். கிடங்குல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? போன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்!"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. டைரக்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை அசைத்தார். ஆலோசகர் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

நாலு தடவை மணி அடித்த பிறகு கிடங்கின் வாயில் காவலர் எடுத்தார். வயதான குரல். பின்னணியில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"கிடங்கு. யாருங்க?"

"ஹெட் ஆபீஸ்" என்றார் லாரி சார். "அங்க எத்தனை லாரி நிக்குது?"

"ஒண்ணும் நிக்கலையே. காலையிலேருந்து பதினாலு போயாச்சு. இதோ பதினஞ்சாவது போயிட்டிருக்கு."

"எப்படிப் போகும்? சாஃப்ட்வேர் ஓடலையே!"

"எது, அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதறதா? அந்தப் பெட்டி புகைஞ்சு போயி, தூக்கிப் போட்டு ஆறு வருஷமாச்சுங்க. நோட்டுலதான எழுதறோம்."

ஆலோசகர் பேனாவை மூடினார். சம்பளக்காரர் தரையைப் பார்த்தார். லாரி சார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார்.

"அப்ப கம்ப்ளைன்ட்?" என்றார். "எழுத்து சின்னதா இருக்கு, பெரிசா இருக்குன்னு வாராவாரம்..."



"ஐயா... நீங்க லாரி சாருங்களா?"

"ஆமா."

காவலர் அவசர அவசரமாக ரிசீவரைக் கையால் பொத்தினார். ஆனால் சரியாகப் பொத்தவில்லை. அவர் உள்பக்கம் திரும்பிப் போட்ட சத்தம் கூட்ட அறை முழுவதும் கணீரென்று கேட்டது:

"டேய், இந்தத் திங்கக்கிழமை யாரு முறைடா? ஆறு வருஷமா ஆளு மாத்தி ஆளு கம்ப்ளைன்ட் எழுதி அந்த மனுஷன் வேலையைக் காப்பாத்திட்டு வந்தோம், அக்கா ஒரு நாள் லீவு போட்டதும் கெடுத்துட்டீங்களேடா பாவிங்களா!"